எட்டாவது துள்ளல்

ஒட்டாவாவின் மேற்கு ஓரம், கனாட்டா.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
மூன்றாம் மாடியில் என் மேசைமேல்
உள்ளங்கை அகலக் கருவி ஒன்று
பின்முதுகு கழற்றப்பட்டுக் கிடக்கிறது.

புகார் எண் 4418.
அனுப்பியவர் மோனிக் லாவொய்.
மூன்றே வரி:
பஸ்ஸில் மருத்துவமனையின் குரல்செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன்.
கோட்டின் கை பட்டு வயர் அசைந்தது.
மீதியை பஸ் முழுவதும் கேட்டது.

கூடவே லாக்.
முப்பத்தோரு மில்லிசெகண்டில் ஏழு குறுக்கீடுகள்.
கடைசி நிலை: கழன்றது.
ஸ்பீக்கர்: திறந்தது.
செய்தி நல்லதா கெட்டதா
என்று எழுத லாக்கில் இடமில்லை.

உலோகம் உலோகத்தைத் தொடுவது
ஒரு தடவையில் முடிகிற காரியமல்ல.
துள்ளும், விலகும், மறுபடி ஒட்டும்.
நான் எழுதிய டிரைவரோ
வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே
இலை போட்டுவிடுகிற வீடு.
உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று
விரல்விட்டு எண்ணியது;
ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.
ஏழாவதுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது
எட்டாவது வந்து போனது.

ஜாக் அதன் குழியில்தான் இருந்தது.
அவள் காதில் ஒலிப்பான் இருந்தது.
குரல் மட்டும் ஊருக்குப் போனது.

திருத்தினேன்.
குறுக்கீடு வந்த இடத்தில் தூங்கக் கூடாது, அது சட்டம்;
ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு உடனே வெளியேறு.
சீட்டை எடுப்பவன் சாவகாசமாக வரட்டும்,
இருநூறு மில்லிசெகண்ட் கழித்து.
எண்ண வேண்டாம், முள்ளைப் பார்.
உண்மையிலேயே கழன்றிருந்தால்
முதலில் ஒலியை நிறுத்து.
யாராவது பொத்தானை அமுக்கிக் கேட்கும்வரை
ஸ்பீக்கர் வாய் திறக்கக் கூடாது.

பரிசீலித்த இளம்பரிதி கேட்டான்:
இருநூறு எதற்கு? நூறு போதாதா?
முந்நூறு தடவை ஆட்டிப் பார்த்தேன், என்றேன்.
தடித்த கோட்டு போட்டுக்கொண்டு,
கையுறையோடு, இடது கையாலும்.
மிக நீண்ட துள்ளல் நூற்று நாற்பது.
அப்போ மிச்ச அறுபது?
மோனிக்குக்கு.
சிரித்துவிட்டு ஒப்புதல் போட்டான்.

ஆறு மணி பஸ்ஸில்
புதுக் கட்டளையோடு என் கருவி.
வானிலை அறிக்கையை முழு ஒலியில் வைத்து,
வயரை ஆட்டினேன். மெதுவாக உருவினேன்.
இன்னும் கொஞ்சம்.
டக்கென்று முழுவதும்.

பக்கத்து இருக்கைக்காரர்
ஜன்னல் உறைபனியை நகத்தால் சுரண்டிக்கொண்டே
தன் நிறுத்தம் வருகிறதா என்று பார்த்தார்.