நடுக்கோடு

குட்டாய்சிக்குப் போகும் கடைசி வேன் போன பிறகுதான்
எங்கள் வேலை.
பாலத்தில் தொடங்கி ரயில்வே கேட் வரை
ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர்.
பெயின்ட் வண்டி எனக்கு,
டார்ச்சும் கூம்புகளும் ஜும்பருக்கு.
வருஷத்தில் ஓர் இரவு, ஜூனில்,
மெயின் ரோட்டின் நட்டநடுவில் நடக்கிற உரிமை
எங்களுக்கும் நாய்களுக்கும் மட்டும்.

நடுவிலிருந்து பார்த்தால் தெரு வேறு.
கடைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன:
பல் டாக்டருக்கு எதிரே மிட்டாய்க் கடை,
சவப்பெட்டிக் கடைக்கு எதிரே
கிலோக் கணக்கில் பழைய ஐரோப்பியக் கோட்டுகள்.
மருந்துக் கடையின் பச்சைச் சிலுவை
விடிய விடிய வெப்பநிலை சொல்கிறது.
பனி கொட்டும் ஜனவரியிலும் முப்பத்தொன்று.
யாரும் திருத்தவில்லை.
அதன் கீழே வந்து நின்று
கையைத் தேய்த்துக்கொள்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

பிறகு பீடம்.
மேலே நின்றவரைக் கயிறு கட்டி இறக்கியபோது
நான் நாலாம் வகுப்பு.
நாலு போல்ட் மட்டும் மிச்சம்.
பகலில் எல்குஜா அதன்மேல் தர்பூசணி விற்கிறான்;
இருப்பதிலேயே பெரிய பழத்தை நடுவில் வைப்பான்,
போல்ட்டுகள் அதை உருளாமல் பிடித்துக்கொள்ளும்.

முழுக்கக் கண்ணாடியால் கட்டிய போலீஸ் நிலையம்.
ஒளிக்க எதுவுமில்லை என்று காட்டவாம்.
உள்ளே ஒருத்தன்
தொட்டிமீன் மாதிரி வாயைத் திறந்து தூங்குகிறான்.

தேவாலயத்துக்கு நேரே மட்டும் இரண்டு பூச்சு.
ஓட்டுகிறவர்கள் அங்கே ஸ்டியரிங்கை விட்டுவிட்டு
மூன்று தரம் சிலுவை போடுவார்கள்.
மூன்றாவது முடிவதற்குள்
வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்ந்து
என் கோட்டைத் தின்றிருக்கும்.
"பக்தியால்தான் கோடு அழியுது" என்பான் ஜும்பர்,
சொன்ன கையோடு டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கி
அவனும் போட்டுக்கொள்வான்.

மூன்று மணிக்கு ரொட்டிக் கடை.
கிணற்றடுப்புக்குள் இடுப்புவரை குனிந்து
மாவை உள்சுவரில் அறைகிறார் ஓட்டியா,
வெளியே இரண்டு கால்கள் மட்டும்.
தோணி மாதிரி ஒரு ரொட்டி, சுடச்சுட.
என் பெருவிரல் வெள்ளையாகப் பதிந்த முனையைக்
காதில் மஞ்சள் வில்லை மாட்டிய நாய்க்குக் கிள்ளிப் போட்டேன்.
நன்றியாக, காயாத கோட்டைக் குறுக்கே மிதித்து
கறிக்கடை வாசல்வரை
வெள்ளைப் பாதம் வைத்துப் போனது.

போன வருஷம், பத்திர எழுத்தர் அலுவலகத்துக்கு முன்னால்
ஒரு நீல லாரி செத்து நின்றது.
மேலே நாற்பது தேன்பெட்டிகள்.
மலைக்கு ஏற்றிப் போகிற வழி.
டிரைவர் பம்ப் தேடிப் போயிருந்தான்.
தள்ளலாமா என்று ஜும்பர் தோளைக் கொடுத்தான்,
நாற்பது பெட்டியும் ஒரே குரலில் உறுமின.
விட்டுவிட்டோம்.
லாரிக்கு முன்னால் நிறுத்தி, பின்னால் தொடங்கி,
ஒன்பது மீட்டர் கறுப்பு.

அதைப் போட மறுபடி பெயின்ட் தரவில்லை நகராட்சி.
ஆனால் ஊர் எடுத்துக்கொண்டது.
"இடைவெளிக்கிட்ட இறக்கிவிடு" என்றார்கள் வேன்காரனிடம்.
கல்யாணக் கார்கள் ஹாரன் அடித்தபடி அங்கேதான் திரும்பின.
தையல்காரி சியாலா
தெருவைக் கடப்பது அங்கே மட்டும்.
"கோடு இல்லாத இடத்துல சட்டமும் கிடையாது"
என்று போலீஸ்காரனிடமே சொன்னாளாம்.

இந்த வருஷம் தாளில் சிவப்பு மையில் எழுதியிருந்தது:
விடுபட்ட ஒன்பது மீட்டர், கட்டாயம்.
அந்த இடத்தில் லாரி இல்லை, தேனீ இல்லை.
கொஞ்ச நேரம் நின்றேன்.
ஜும்பர் ஒன்றும் சொல்லாமல்
டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தான்.
போட்டேன்.
என் வாழ்நாளிலேயே நேரான கோடு அதுதான்.

ஆறரைக்குக் கூம்புகளை எடுக்க வந்தபோது
நடைபாதை ஓரத்தில் சியாலா,
கையில் துணிப்பை.
இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்,
வண்டி ஏதும் வரவில்லை.
பிறகு பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு,
தூங்குகிற நாயைத் தாண்டுவதுபோல்
கோட்டைத் தாண்டிப் போனாள்.