நான்காம் பலகை

மேசையின் விலை தெரிய வேண்டுமானால்
அதன் அடியில் மல்லாந்து படுக்க வேண்டும்.
எஸ்தோனியப் பிப்ரவரி. பள்ளிக்கூடத் தரை.
முதுகெலும்பில் குளிர் படியேறுகிறது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்க்கிறேன்.

மேலே இருப்பது விருந்தாளிக்குக் காட்டிய முகம்.
தச்சன் பேசுவது கீழே.
இழைப்புளி அலையலையாய் நகர்ந்த தடம்,
தப்பாய் வெட்டி, ஒட்டி,
யாருக்கும் தெரியாதென்று நம்பிய
ஒரு விரற்கடை ஆப்பு,
பலகை பலகையாய் உளியால் கீறிய எண்ணிக்கை:
ஒரு கோடு
இரு கோடு
மூன்று கோடு.
நான்காவதற்கு இடம் இருக்கிறது, பலகை இல்லை.

"நீட்டிக் காட்டட்டுமா?"
சமையற்காரி மைமு
பித்தளைப் பிடியைச் சொருகிச் சுழற்றுகிறாள்.
நூற்றெழுபது வயதுத் திருகு
முனகாமல் திறக்கிறது.
பன்றிக்கொழுப்பு, என்கிறாள்,
வருஷத்துக்கு இரண்டு தரம்.

ஜெர்மன் பிரபு கரண்டிகளை மட்டும் அள்ளிக்கொண்டு
கப்பலேறினாராம்.
அப்புறம் இதன்மேல் ஓட்டு எண்ணினார்கள்,
கம்பளி வெட்டினார்கள்,
போர்க்காலத்தில் ஒரு பையனின் காலையும்.
கூட்டுப்பண்ணைக் கணக்கு இதில்தான் எழுதினார்கள்,
பொய்க்கணக்கும் இதில்தான்.
"எழுதியவர்கள் முகம்தான் சிவந்தது,
மரத்துக்கு ஏற்கெனவே அந்த நிறம்."

எழுதிக்கொள்கிறேன்:
மைக்கறை, பத்து சதம் கழிவு.
டேபிள் டென்னிஸ் வலை கடித்த தழும்பு இரண்டு, பதினைந்து.
ரத்தம் மெழுகுக்கடியில் புலப்படவில்லை,
கழிவு இல்லை.

கை கழுவப் போகும் வழியில் முதல் வகுப்பு.
கரும்பலகைக்கு முன்னால்
குதிகால் தூக்கி நிற்கிறான் ஒருவன்.
நாற்பத்து மூன்றில் இருபத்தேழு.
"மூன்றில் ஏழு போகாது ராஸ்மஸ்,
பக்கத்தில் கடன் வாங்கு."
அவன் சாக்பீஸ் பிடித்த கைக்கருகே,
பலகையின் விளிம்பில்,
மூன்று மரமுளைகள்.
என் நோட்டில் மூன்று துளைகள்.

மணியடித்து எல்லாரும் ஓடிய பிறகு
பின்பக்கம் விரலை விட்டுத் தடவினேன்.
நான்கு கோடு.

நான்கும் சேர்ந்தால் விலை மூன்று மடங்கு.
தாலின் ஏலக்காரர்கள் சண்டையே போடுவார்கள்.
தலைமையாசிரியர் எண்ட்ரிக் என்னை அழைத்ததும்
ஒழுகும் கூரைக்குப் பணம் தேடித்தான்.
அவருடைய நடைவழியில்
மூன்று வாளிகள் சொட்டுச் சத்தத்தோடு நிரம்புகின்றன.
நல்ல மனிதர்.
கறுப்புச் சாயம் ஒரு வாரத்தில் போய்விடும்,
எந்த வேலையாளும் சுரண்டிவிடுவான்.
பள்ளிக்குப் புதுக் கரும்பலகை என்ன, காசா பணமா.

எல்லாம் தெரியும்.
தெரிந்தே எழுதினேன்:
"நான்காம் பலகை: உபயோகத்தில் உள்ளது."
இது எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத சொல்.
எண்ட்ரிக் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி படித்தார்.
"எங்கே?" என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மைமு என் அளவுநாடாவை முழங்கையால் ஒதுக்கிவிட்டுப்
பட்டாணி சூப் வைக்கிறாள்.
தட்டுக்கடியில் நாலாய் மடித்த துணி.
சூடு பட்டால் மெழுகு வெளுத்துவிடுமாம்.
"சிந்தாமல் சாப்பிடு,
விலை குறைந்துவிடும்."