எண் 3118

லெட்சுமாங்குடிப் பாலம் இறங்கினால்
சாவிக்காரருக்கும் பழக்கடைக்கும் நடுவே
ஆறடி அகலத்தில் என் கடை.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்த நாலாம் நாள்.
மேசை முழுக்க மோட்டார் ஸ்டார்ட்டர்கள்.
அவற்றை ஒதுக்கிவிட்டு
ஒரு டிவி கேமை வைத்தான் உவைஸ்,
ஏழாம் வகுப்பு.
கூடவே மஞ்சள் கேசட்.
முதுகில் புலிப் படம்,
புலியின் தலைக்கு மேல் 9999 இன் 1.

"ஊதினியா?"
"ஊதினேன்."
எல்லோரும் ஊதுகிறார்கள்.
மூச்சின் ஈரம் செம்புப் பல்லில் உட்கார்ந்து
களிம்பாகும் என்று
நூறு பேரிடம் சொல்லியாயிற்று.
நூற்றியோராவது ஆள்
ஊதிவிட்டுத்தான் வருகிறான்.

ஒரே திருகு.
உள்ளே பெரும்பாலும் காற்று.
காற்றுக்கு நடுவில் இரண்டு விரல் பச்சைப் பலகை,
அதன் நெற்றியில்
புளியங்கொட்டை அளவு உருகி உறைந்த கறுப்புப் பொட்டு.
கனத்துக்கென்று ஒட்டிய இரும்புத் தகடு ஒன்று.
அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பிள்ளைகளின் முகம் விழும்.
நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்:
"மொத்தம் நாலு கேம்தான் தம்பி.
பேரை மாத்தி மாத்திப் போட்டிருக்கான்."
"தெரியும்க்கா."

பையிலிருந்து ஒரு கணக்கு நோட்டு.
212: டேங்க், சுவர் சிவப்பு.
340: அதே டேங்க், உயிர் அஞ்சு.
341: அதேதான், பாட்டு இல்லை.
ஒன்றுவிடாமல்
3126 வரை வந்திருந்தான்.
"நாலுதான். ஆனாலும் எண்ணிப் பாக்கணும்ல?"

ரப்பர் வைத்துப் பல்லைத் தேய்த்தேன்.
மீட்டர் முனையோடு கோடு கோடாகப் போனேன்.
இதைப் பார்க்கிற எவரும்
வெட்டாறு, கோரையாறு, பாமணி என்பார்கள்.
ஸ்டார்ட்டரை வாங்க வந்த லஸ்கர் மாசிலாமணி
"மதகு இருக்கு, கடைமடை இருக்கு,
ஷட்டர் சாவிதான் இல்லை" என்று சிரித்தார்.
எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.
ஆறு போனால் போனதுதான்.
இது திரும்பி வந்தாக வேண்டும்.
வருகிற வழி அறுந்திருந்தால்
கிளம்பவே கிளம்பாது.

அந்த வழிதான் அறுந்திருந்தது.
ஐப்பசியில் வீட்டுக்குள் வந்த தண்ணீர் என்றான்.
தலைமுடி போல ஒரு கம்பி, ஒரு சொட்டு ஈயம்,
மீட்டர் கீச்சென்றது.
பக்கத்தில் இன்னொரு முறிவு, பழசு,
ஓரமெல்லாம் கறுத்துப்போனது.
சால்டரிங் முனையை அங்கே நகர்த்தினேன்.

"அக்கா, அதை விட்டுடுங்க."

"ஏன்?"

"ஒட்டினா 3118 போயிடும்."

நோட்டில் அந்த எண்ணுக்கு மட்டும்
நாலு பக்கம்.

போட்டுப் பார்த்தேன்.
சுவர் நிற்க வேண்டிய இடத்தில் பாதி எழுத்துகள்,
கவிழ்ந்து கிடக்கிற ஓர் எட்டு.
தண்ணீர்க் கட்டம் மேலே வரிசையாக,
கூரை வேய்ந்த மாதிரி.
டேங்க் அதன்மேல் ஏறிப் போனது, தடுக்கவில்லை.
எதிரி ஒருத்தரும் இல்லை.
சுட்டால் சத்தம் வரவில்லை,
கொஞ்ச நேரம் கழித்து வேறெங்கோ
ஒரு செங்கல் மறைந்தது.

பொட்டை ஊற்றினவன்
இதை வைத்து அனுப்பவில்லை.
அவனைக் கேட்டால் ரிப்பேர் என்பான்.
நானும் அதைத்தானே சொல்லியிருப்பேன்.

"எதுவரைக்கும் போகும்?"
"தெரியலக்கா. ஒருக்கா மூணு மணிநேரம் போனேன்.
உம்மா ஸ்விட்ச்சை அணைச்சிடுச்சு."

பழக்கடைக்காரர் சில்லறை கேட்டார்.
கேட்டுக்கொண்டே இருந்தார்.
டீயில் ஆடை படிந்துவிட்டது.

மூடித் திருகிக் கையில் கொடுத்தேன்.
தூக்கிப் பார்த்து முகம் சுளித்தான்.
தகட்டை மேசையிலேயே விட்டிருக்கிறேன்.
"அதையும் வைங்கக்கா.
கனம் இல்லேன்னா உம்மா நம்பாது."
மறுபடி திறந்து வைத்தேன்.

பில் புத்தகத்தில் எழுதினேன்:
டிவி கேம், சால்டரிங், நூற்றிருபது ரூபாய்.
கீழே,
ஒரு கோடு பாக்கி.