சமையலறைக்கு இன்னும் பதினோரு வருடம்

எங்கள் சமையலறை
இப்போது எங்கே இருக்கிறதென்று
சரியாகத் தெரியாது.
உம்ஹ்லத்துஸானா ஆற்று வளைவில்
கரும்பச்சை அலமாரிக் கதவொன்று
சேற்றில் செருகிக் கிடந்ததாக
டாக்ஸியில் பேசிக்கொண்டார்கள்.
மிச்சம், துறைமுகம் வரை போயிருந்தால்
கப்பல் பார்த்திருக்கும்.

அதற்கு இன்னும் பதினோரு வருடம்
தவணை இருக்கிறது.

சாட்ஸ்வர்த்தில் அந்த ஏப்ரல்
மழை விடாமல் பெய்தது.
இரவு இரண்டு மணிக்குப் பின்சுவர்
ஒரே ஒரு முறை இருமியது.
தயாளன் டார்ச் அடித்துக் கதவைத் திறந்தான்.
கதவுக்கு அப்பால் தரை இல்லை.
மறுபடி சாத்தினான்.
பூட்டவும் பூட்டினான்.

காப்பீட்டிலிருந்து வந்த பையன் நல்லவன்.
டூமிசானி என்று பெயர்.
சேற்றுக் காலணியை வாசலிலேயே விட்டு வந்தான்.
டேப்பின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்தான்;
மறுநுனியை வைக்க
அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.
இனாண்டாவில் அவன் அக்காள் வீடு
முழுதும் போய்விட்டதாம்.
அதற்குப் பத்திரம் இல்லை, கடனும் இல்லை.
அவளுக்கு யாரும் கடிதம் எழுதப் போவதில்லை என்றான்.

எங்களுக்கு எழுதினார்கள்.
தண்ணீர் வந்து வீட்டை எடுத்தால் ஒரு பத்தி.
வீடு போய்த் தண்ணீரில் விழுந்தால்
வேறு பத்தி.
நாங்கள் இரண்டாவது.
மேலும்,
தாங்குசுவர் நகராட்சி வரைபடத்தில் இல்லையாம்.

அது உண்மைதான்.
தயாளனும் அவன் தம்பி பூபாலனும்
மூன்று சனிக்கிழமையில் எழுப்பிய சுவர்.
வரைபடம் போட ஒன்பதாயிரம் ராண்ட் கேட்டார்கள்.
அந்த ஒன்பதாயிரத்தில்தான்
கரும்பச்சை அலமாரி வாங்கினேன்.
இதை நான்
பதில் கடிதத்தில் எழுதவில்லை.
தயாளனும் இதுவரை
சொல்லிக் காட்டவில்லை.

வீடு கட்டினோம் என்கிறோம்.
தவணை கட்டுகிறோம் என்கிறோம்.
தமிழுக்கு இரண்டும் ஒரே சொல்தான்.
கட்டியது ஒரு ராத்திரியில் போயிற்று.
கட்டுவது போகவில்லை.

போகாதது மட்டுமா, வளர்ந்தது.
காலணிக் கம்பெனியில் முந்நூறு பேருக்குச்
சம்பளக் கணக்கு போடுகிறவள் நான்.
எண் எனக்குப் பயமில்லை.
ஏப்ரலில் 6,770.
மே மாதம் வட்டி அரை ஏறியது: 6,930.
ஜூலையில் முக்கால்: 7,175.
செப்டம்பரில் இன்னொரு முக்கால்: 7,425.
விலைவாசியை அடக்குவதற்காம்.
எங்கோ சண்டை என்று
சூரியகாந்தி எண்ணெய் இரட்டிப்பானது,
அதை ஊற்றிப் பொரிக்க
எனக்கு அடுப்பில்லாத மாதங்களில்.

புராஸ்பெக்டனில் தயாளனின் தொழிற்சாலையும்
நீரில் நின்றது.
திறந்த பிறகு வாரம் மூன்று நாள்.
மற்ற நாலு நாளும் அவன்
விரிசல்களுக்குப் பென்சிலால் கோடு போட்டுத்
தேதி எழுதுகிறான்.

வங்கிப் பெண் அன்பாகப் பேசினாள்.
மூன்று மாதம் விடுமுறை தருகிறோம், மேடம்.
விடுமுறை யாருக்கு என்று கேட்டேன்.
வட்டிக்கு இல்லையாம்.
மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டேன்.
முன்னால் மூன்று மாதம் விட்டால்
பின்னால் எட்டு மாதம் சேருகிறது.
வேண்டாம் என்று சொன்னேன்.
சொல்லிவிட்டு, தாலிக்கொடியை விட்டுப்
பாக்கி நகையை எடைபோட்டுப் பார்த்தேன்.

நகராட்சி மதிப்பீட்டுத் தாள் வந்தது.
அதில் மட்டும் எங்கள் வீடு
முழுசாக இருக்கிறது.
மூன்று படுக்கையறை, ஒரு கூடம்,
ஒரு சமையலறை.
அதற்கும் வரி.

விற்றுவிடலாமா என்று
ஏஜென்டைக் கூட்டி வந்தோம்.
பூட்டிய கதவைத் திறக்கச் சொல்லி
கொஞ்ச நேரம் நின்றார்.
பார்வை நன்றாக இருக்கிறது என்றார்.
அவர் கேலி செய்யவில்லை.
வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை அவருக்கு.

இப்போது நடையில் சமைக்கிறேன்,
இரட்டைத் தட்டு மின்னடுப்பில்,
மின்சாரம் இருக்கும் மணி பார்த்து.
முதல் தேதி காலை ஆறு மணிக்குள்
கணக்கிலிருந்து பணம் போய்விடும்.
செல்போன் ஒரு தரம் முனகும்.
தயாளன் எழுவதற்குள்
பூட்டைத் திறந்து,
பாத்திரம் கழுவிய தண்ணீரை
வாசற்படியில் நின்றபடியே
வீசி ஊற்றுகிறேன்.

என் சமையலறைதானே.