இருபது தெத்ரி

திபிலிசியின் கிழக்கோரம், வர்கெதிலியில்,
எங்கள் ஒன்பது மாடிக் கட்டடத்தில்
லிஃப்டுக்குள் ஓர் உண்டியல் உண்டு.
இருபது தெத்ரி விழுங்கினால்தான்
பொத்தானுக்கு உயிர் வரும்.
இறங்கக் காசு வேண்டாம்.
இறங்குவதற்கு எந்த ஊரில்தான் காசு கேட்கிறார்கள்?

மாதக் கடைசி ஞாயிறு
சாவி என் கைக்கு வரும்.
அடுப்படி மேசையில் கொட்டி எண்ணுவேன்.
கட்டடத்தின் வயிற்றைக் கீறிப் பார்க்கிறாய் என்பாள்
என் மனைவி மரேகி.
துருக்கிக் காசு இரண்டு,
செல்லாத கோபெக் ஒன்று,
யாரோ குளிர்கோட்டுப் பித்தான்.
யார் எதைப் போட்டார் என்று காசு சொல்லாது.
ஆனாலும் மொத்தமாகக் கொட்டினால் பேசும்:
பள்ளி விடுமுறையில் இளைக்கும்,
புத்தாண்டில் விருந்தாளிகளால் கொழுக்கும்.
ஏழாம் மாடி தமாஸ் இறந்த மாதம்
நான்கு கிலோ முந்நூறு கிராம்.
அழ வந்தவர்கள் ஒவ்வொருவரும்
தன் துக்கத்தைத் தனியாகத்தான் தூக்கி வந்தார்கள்.
நான் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்தேன்.

முதல் மாடி இவ்லித்தா
லிஃப்டில் ஏறுவதே இல்லை.
போகிற போக்கில் கதவைத் திறந்து
ஒரு காசு போட்டுவிட்டுப் போவாள்.
ஏன் என்றேன்.
"இது நின்றுபோனால்
மேல்மாடிக்காரர் எல்லாரும்
என் வாசலில் நின்றுதானே மூச்சு வாங்குவார்கள்?"

எட்டாம் மாடி மனுச்சார் நேர் எதிர்.
அவரிடம் ஒரு கம்பி இருந்தது,
நுனி வளைத்த சைக்கிள் கம்பி.
அதை விட்டு ஆட்டினால் பொத்தான் ஏமாறும்.
கையும் களவுமாய்ப் பிடித்தாலும் கலங்க மாட்டார்.
"நான் தனி ஆள். எவன் தயவிலும் ஏறவில்லை."

ஒன்பதாம் மாடி தெக்லா
சமூகவியல் முதலாம் ஆண்டு.
மனிதர் சமூகத்தை ஆக்குகிறாரா,
சமூகம் மனிதரை ஆக்குகிறதா,
ஐந்து பக்கத்துக்கு மிகாமல் எழுதுக.
நோட்டும் கையுமாய் ஒரு வாரம்
மேலும் கீழும் போய்வந்தாள்.
அவளாலேயே உண்டியலுக்கு ஏழு லாரி.

பிப்ரவரியில் ஓர் இரவு
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
லிஃப்ட் நின்றது.
உள்ளே மனுச்சார்.
மெக்கானிக் ருஸ்தாவியிலிருந்து வர வேண்டும்,
பாதையில் பனி.
ஒவ்வொரு கதவாகத் திறந்தது.
படிக்கட்டில் கம்பளி விரித்தோம்.
ஒருவர் ரொட்டி, ஒருவர் ஒயின்;
இதுவரை தலையாட்டல் மட்டுமே அறிந்த இருவர்
ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்ததைக் கண்டுபிடித்தார்கள்.
கதவிடுக்கு வழியே சிகரெட் ஒன்று உள்ளே போனது.
உள்ளிருந்து நன்றி வரவில்லை, புகை வந்தது.

தெக்லா இடுக்கில் வாய் வைத்துக் கேட்டாள்:
"நாங்கள் வருமுன், தனியாக இருந்தபோது
என்ன செய்தீர்கள்?"

வெகுநேரம் பதில் இல்லை.
பிறகு, கோபமாக:
"தலை சீவினேன்."

யாரும் சிரிக்கவில்லை.
இவ்லித்தா மட்டும்
தன் நரைமுடியை ஒருமுறை ஒதுக்கிக்கொண்டாள்.

அந்தக் கண்ணாடி நமக்குத் தெரியும்.
யாருமற்ற பெட்டிக்குள்
யாருக்கோ காலர் சரிசெய்கிறோம்.
இன்னும் திறக்காத கதவுக்கு
முகத்தைத் தயார் செய்கிறோம்.
தன்னந்தனியே நிற்கும்போதும்
பெட்டியில் இடம் போதவில்லை.

தெக்லாவுக்கு அறுபத்திரண்டு மதிப்பெண்.
உதாரணம் சிறிது, முடிவு தெளிவில்லை
என்று சிவப்பில் எழுதியிருந்ததாம்.

மார்ச் கடைசியில் மேசையில் கொட்டினேன்.
காசுகளுக்கு நடுவே
நுனி வளைந்த ஒரு கம்பி.
போட்டாரா, கைதவறி விழுந்ததா?
மனுச்சார் இப்போது படியேறிப் போகிறார்,
கேட்டால் மருத்துவர் சொன்னார் என்கிறார்.

வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா
என்று தெரியவில்லை.
இப்போதைக்குப் பித்தான்களோடு
வைத்திருக்கிறேன்.