பாதி நினைவகம்

ஆரம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது கடைப்பலகை தமிழ்,
தடாவில் இறங்கும்போது தெலுங்கு.
நடுவே உள்ள பத்து நிமிஷத்தில்
போன் இரண்டு மாநிலத்துக்கும் என்னை வரவேற்றுவிடும்.

வரவுச் சோதனையில் இருக்கிறேன்.
உள்ளே வருகிற ஒவ்வொரு ரீலையும்
சந்தேகப்படத்தான் சம்பளம்.

நாங்கள் செய்வது பம்ப்செட் பெட்டி.
வீட்டிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால்
வயலில் மோட்டார் ஓடும்.
திரும்பக் கூப்பிட்டுப் பெட்டி பேசும்:
கரண்ட் வந்தது, கரண்ட் போனது,
கிணற்றில் தண்ணீர் இல்லை.
தெலுங்குக்கு ரோஜாரமணியின் குரல்,
தமிழுக்கு என்னுடையது.
கேன்டீனில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே
உட்காரவைத்துப் பதிவு செய்தான் எபினேசர்,
அங்கேதான் எதிரொலிக்காதாம்.
கூலி, ஆளுக்கொரு பிரியாணி.

ஆடியில் சிப் நின்றது.
ஐம்பத்திரண்டு வாரம் ஆகும் என்றது சப்ளையர் கடிதம்.
என் பிள்ளை அதற்குள் தவழ்ந்துவிடும் என்றாள்
ஏழாம் மாதத்து ரோஜாரமணி.
கார் கம்பெனிக்கும் போன் கம்பெனிக்கும் பிறகுதான்
கிணற்றுக்காரர்களுக்கு வரிசை.
ஸ்டோர்ஸ் பெஞ்சலய்யா தினமும் பதிவேட்டைத் திறந்து
ஒரு சுழி போட்டு மூடுவார்.
இரண்டாம் லைனை நிறுத்தினார்கள்.
கான்ட்ராக்ட் பெண்கள் நாற்பது பேரை
போன் பண்ணுகிறோம் என்று அனுப்பினார்கள்.

புரோக்கர் மூலம் ஒரு ரீல் வந்தது, மும்மடங்கு விலைக்கு.
உறையின் சீல் விட்டிருந்தது,
பழவேற்காட்டு ஈரக்காற்று உள்ளே புகுந்திருக்கும்.
கருவாடு மாதிரிதான் இதுவும்,
காயாவிட்டால் கெட்டது.
ஈரத்தோடு சூட்டில் ஏற்றினால் வெடிக்கும்.
காயவைக்க ட்ரேயில் மாற்றும்போது
ஒன்றின் நெற்றி கொஞ்சம் அதிகமாய் மினுங்கியது.
பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன்.
எழுத்துக் கரைந்து அடியில் வேறு எழுத்து.
எந்த ஊரிலோ எறியப்பட்ட சலவை இயந்திரத்துக்கு
மூளையாய் இருந்திருக்கலாம்.
இரண்டாயிரத்து ஐந்நூறும் நிராகரிப்பு என்று கையெழுத்திட்டேன்,
அந்த நாற்பது போன்களும் ஒலிக்காது
என்று தெரிந்தே.

அப்புறம் ஒரு சின்னச் சிப் கிடைத்தது.
அசல்தான். நினைவகம் பாதி.
எபினேசர் மூன்று ராத்திரி நிரலை வெட்டினான்.
ஆரம்ப மணியோசை போனது,
கம்பெனி பெயர் போனது,
வணக்கம் போனது.
இன்னும் இடம் போதவில்லை.

ஒரு மொழியை எடுத்துவிடலாம் என்றார் கோட்டேஸ்வர ராவ்.
ஆர்டரில் முக்கால்வாசி நெல்லூர்ப் பக்கம்.
மீட்டிங்கில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

மறுநாள் எபினேசர் எங்களிடம் ஒரு தாளை நீட்டினான்:
இரண்டு பேருக்கும் புரிகிற சொல்லாய்ப் பார்த்து எழுதுங்கள்.
மோட்டார். கரண்ட். ஆன். ஆஃப்.
நீர், அவளுக்கு நீரு, பரவாயில்லை, புரியும்.
இதையெல்லாம் அவளே சொல்லட்டும் என்றேன்,
அவள் சொன்னால் ஆஃப்கூட நல்ல சேதி மாதிரி இருக்கும்.

கடைசிச் சொல்லில் தாள் நின்றுவிட்டது.
இல்லை.
லேது.
இதற்கு மட்டும் பொதுவாய் ஒன்று அகப்படவில்லை.
எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டேன்.
ஒரு வினாடி சொச்சம், என்றான்.

மறுபடியும் அரிசி மூட்டை.
அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை வினாடி சொன்னாள்,
நான் அரை வினாடி.
இந்தத் தடவை பிரியாணியும் கிடையாது.

இப்போது சூலூர்ப்பேட்டையிலோ ஊத்துக்கோட்டையிலோ
கிணறு வற்றும்போது மட்டும்
நான் பேசுகிறேன்.

இன்று காலை பெஞ்சலய்யாவிடம்
பழைய சிப் ஏதாவது வந்ததா என்றேன்.
தமிழே பேசாத மனிதர்,
பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல்
பெட்டிக்குள்ளிருக்கும் என் குரலில் சொன்னார்,
இல்லை.