சேஸீ

வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தாள் பவளக்கொடி.
லுங்கியை அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது
புளி தேய்த்த மஞ்சள்.
பிறகுதான் உருவம்:
முனை இரண்டும் மேலே சுருண்ட
வெண்கல மீசை.

"மணிக்கு எண்ணூறு.
தட்டினாலும் தட்டாட்டியும்."

சாலிகிராமம், இரண்டாம் மாடி.
டைரக்டர் கேட்டது மூன்றே விநாடி,
பிட்சு கண் திறக்கும் இடத்தில்
ஒரு டங்.

ஏசியை அணைத்தோம். ஃபேனை அணைத்தோம்.
கீழ்வீட்டுச் சட்னி அரைபட்டு முடியும்வரை
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்தோம்.

மைக் ஸ்டாண்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டு
முனையில் மட்டும்
தூங்குகிறவன் கன்னத்தில் தட்டுவதுபோல்
மரக்கட்டையால் தட்டினாள்.

அது திரும்பிக்கொண்டது.
முகம் காட்டி விளிம்பு காட்டி முதுகு காட்டி
சுழலச் சுழல
ஒலி போனது,
வந்தது,
போனது,
போயே விட்டதென்று நான் பட்டனுக்குக் கை நீட்ட
வந்தது.

கீபோர்டு ரூபன் சுருதி தேடினான்.
நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவே
எங்கோ ஒதுங்கி நின்றது.
"நேராக்கிடலாம் சார்."
நேராக்கினான்.
தரையில் விழுந்த கரண்டி.

"கப்பல்ல வந்ததாம்மா?" என்று கேட்டேன்.
எல்லோரும் கேட்பார்கள் போல.

"கப்பல்ல வந்தது தையல் மெஷின்.
அதுவும் அடகுல போச்சு.
இது மூர் மார்க்கெட்டு,
எரியறதுக்கு முந்தின வருஷம்.
தராசு உறுப்புன்னு நெனச்சு
எடைக்குப் போட்டான் கடைக்காரன்.
நான் ரங்கூன் பார்த்ததில்ல சார்,
டிக்கெட் வெல பார்த்திருக்கேன்."

இன்னொன்றும் சொன்னாள், லுங்கியில் சுற்றியபடி:
தானம் செய்தவர்கள் இதைத் தட்டுவார்களாம்.
காதில் விழுந்தவர் சாது சாது என்றால்
அவருக்கும் அதில் பங்காம்.
ரூபன் ஹெட்போனைக் கழற்றாமல் தலையாட்டினான்.

எடிட்டில் அது ஒன்றரை விநாடி ஆனது,
அதன்மேல் ஓர் இடி.
என் கணினியில் மட்டும்
முழுசாக இருக்கிறது, நாற்பத்தாறு விநாடி,
கடைசியில் யாரோ எச்சில் விழுங்கும் சத்தத்தோடு.
பெயர் கேட்ட பெட்டியில் 'கோயில் மணி 7' என்று அடித்து
அழித்தேன்.
இன்னும் பெயரில்லை.

அன்று மாடிப்படியில்
அவள் போன் உரக்கச் சொன்னது:
ஆயிரத்து அறுநூறு ரூபாய் பெறப்பட்டது.

"இதுவும் சொல்லட்டும்" என்று
சுற்றியதை மறுபடி அவிழ்த்து
கைப்பிடிச் சுவருக்கு வெளியே தூக்கிப் பிடித்து
ஒரு தட்டு.

படிக்கட்டின் கிணற்றில் அது
இறங்கி, ஏறி, இறங்க,
கீழ்வீட்டுக் கதவு திறந்து
அரைத்த கையோடு ஒருத்தி
அண்ணாந்து கேட்டாள்:
"யாரு?"